மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை போதாதா? குடும்பத்துக்கு எதற்கு அமர்வு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். 24 வயதுத் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று கண்டறிந்து, நான்கு மாதங்களாக இரவில் ஓலான்சபின் மாத்திரை கொடுத்துவருகிறீர்கள். காதில் குரல் கேட்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனாலும் அவர் காலை பத்து மணிவரை படுத்தே இருக்கிறார், சொன்னால்தான் குளிக்கிறார், நண்பர்கள் அழைத்தால் எடுப்பதில்லை. அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்கிறார். அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறார். இந்த நிலையில், குடும்பத்தினர் எல்லோரும் வாரம் ஒருமுறை வந்து, நோயைப் புரிந்துகொண்டு சமாளிக்கக் கற்றுத்தரும் உளவியல் கல்வி அமர்வுகளில் கலந்துகொள்ள வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். "நோய் அவனுக்கு, வகுப்பு எனக்கா?" என்பது அப்பாவின் கேள்வி. பேசுவதால் இந்த நோய் குணமாகுமென்றால் மாத்திரை எதற்கு, ஆகாதென்றால் அமர்வு எதற்கு என்பது உங்கள் கேள்வி. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இத்தகைய அமர்வுகளை நடத்திவருவதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரடியான விடை. இந்த நோயில் மருந்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் நம்பக் கூடாது. மருந்தை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடுவதும் பாதி வைத்தியமே. 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதத்தினருக்கு. அதற்குப் பதிலாக வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எந்த ஆலோசனையும் ஈடுசெய்துவிட முடியாது. ஆனால் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டவர்களிலும் நாலில் ஒருவருக்குமேல் நோய் திரும்பியிருக்கிறது. அதற்கு என்ன காரணம், வீட்டில் இருப்பவர்கள் அதில் எதை மாற்ற முடியும் என்ற ஆராய்ச்சியிலிருந்துதான் உளவியல் கல்வி என்ற சிகிச்சைமுறை பிறந்தது.

உங்கள் தம்பியின் படுக்கையிலிருந்தே தொடங்கலாம். குரல் கேட்பது, பக்கத்து வீட்டார் சதி செய்வதாக நம்புவது போன்றவை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன. ஊக்கம் குன்றுவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, பேச்சு சுருங்குவது, எதையும் தொடங்க முடியாமல் போவது ஆகிய 'எதிர்மறை அறிகுறிகள்' இந்த நோயின் மற்றொரு பாதி. இவை மருந்துக்கு அவ்வளவாக மசிவதில்லை. இது ஒரு காரணம். ஓலான்சபின் தூக்கம் தரும் மருந்து என்பதால் அதன் மயக்கம் மறுநாள் முற்பகல்வரை நீடிப்பது இரண்டாவது காரணமாக இருக்கலாம். மாத்திரையை இரவு பத்தரைக்குக் கொடுக்கிறீர்களா, எட்டு மணிக்கே கொடுக்கிறீர்களா என்பதுகூட இதில் வேறுபாடு செய்யும். நோயின் தீவிரம் தணிந்து, நடந்தது என்ன என்று தெரியவரும்போது பலருக்கு வரும் மனச்சோர்வு மூன்றாவது. மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வெவ்வேறு. நாலாவதாக அப்பா சொல்லும் சோம்பேறித்தனம் இருக்கிறது. இருபது வயது தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவருக்குச் சோம்பேறித்தனம் திடீரென்று ஒரு மாதத்தில் வந்துவிடாது என்பதால் அதைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். அமர்வில் முதலில் கிடைப்பது இந்தப் பிரித்தறிதல்தான். அது கிடைக்காதவரை வீட்டில் தினமும் காலையில் சண்டை நடக்கும், அந்தச் சண்டை நோயின் போக்கைப் பாதிக்கும்.

'பாதிக்கும்' என்று நான் சொல்வது ஊகம் அன்று. 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியபின், பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் அடைபட்டிருந்தவர்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. உடன்பிறந்தவர்களோடோ வாடகை அறையிலோ தங்கியவர்களைவிட, பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. வீட்டில் நோயாளியைப் பற்றி எவ்வளவு குறை சொல்கிறார்கள், எவ்வளவு பகைமை காட்டுகிறார்கள், எவ்வளவு மிகையாக அவரையே சுற்றிவருகிறார்கள் என்பதை அளந்து பார்க்கும் நேர்காணல் முறையைப் பிரவுன் குழுவினர் உருவாக்கினார்கள். பிறகு கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் மீண்டும் வந்தது. அமைதியான வீடுகளில் அது 13 சதவீதமே. அத்தகைய வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குமேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அதற்குள் மருந்தையும் நிறுத்திவிட்டவர்களின் நிலை எல்லாவற்றையும்விட மோசம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா, தன்னால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தாயின் குணமே இந்த நோயை உண்டாக்குகிறது என்று ஒரு கோட்பாடு 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்தது. ஆதாரமே இல்லாமல் ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கோட்பாடு அது. மனநல மருத்துவம் வெட்கப்பட வேண்டிய அத்தியாயம் என்றே அதைக் கருதுகிறேன். நோய் எப்படி வந்தது என்பது வேறு, வந்த நோய் தணிந்தபின் திரும்புமா என்பது வேறு. லண்டன் ஆய்வுகள் சொன்னது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. அவை அளந்த 'மிகை ஈடுபாடு' பாசக் குறைவும் இல்லை; 24 வயது மகனுக்குச் சோறு ஊட்டுவதும், கழிவறைக்குப் போனால் கதவருகில் நிற்பதும் பயத்திலிருந்தும் பாசத்திலிருந்தும் வருபவை. ஆனால் நோயிலிருந்து எழுந்துவரும் மூளைக்கு, திட்டும் குரலைப் போலவே ஓயாமல் விசாரிக்கும் குரலும் சுமைதான்.

நம் நாட்டில் இதன் நிலை என்ன என்று 1980-களில் சண்டிகரில் ஆராய்ந்தார்கள். லண்டனோடு ஒப்பிடும்போது உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடுகள் அங்கே குறைவாகவே இருந்தன; நகரத்தைவிடக் கிராமங்களில் இன்னும் குறைவு. உடனே கூட்டுக்குடும்பத்தின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அப்படிப் பேசுவதற்குமுன் இன்று நம் வீடுகளைப் பார்க்க வேண்டும்: இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு, பெற்றோர், இரண்டு பிள்ளைகள், கல்விக் கடன், அதில் ஒருவர் நாள் முழுவதும் படுத்திருக்கிறார், பேசுவதற்குப் பெரியப்பாவோ அத்தையோ அருகில் இல்லை. அந்த வீட்டை 1980-களின் பஞ்சாப், அரியானா கிராம வீட்டோடு ஒப்பிட முடியாது.

குடும்பத்தை எதிரியாகப் பார்க்காமல் சிகிச்சைக் குழுவில் ஒரு பங்காளியாகச் சேர்க்கும் முறையை 1980-இல் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த கரோல் ஆண்டர்சன், ஜெரார்ட் ஹோகார்ட்டி, டக்ளஸ் ரீஸ் ஆகியோர் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். 1986-இல் அவர்கள் தந்த ஓராண்டு முடிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடுகளைச் சேர்ந்த நோயாளிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் மருந்து உண்டு. மருந்தும் வழக்கமான ஆதரவும் மட்டும் பெற்ற குழுவில் சுமார் 40 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. குடும்பத்துக்கு உளவியல் கல்வி அளித்த குழுவில் 19 சதவீதம். நோயாளிக்குச் சமூகத் திறன் பயிற்சி அளித்த குழுவில் 20 சதவீதம். இரண்டும் சேர்ந்து கிடைத்த குழுவில் ஒருவருக்குக்கூட இல்லை. அந்தப் பூஜ்யம் இரண்டாம் ஆண்டில் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமர்வுகள் நோயை வேரோடு பிடுங்குவதில்லை; நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகின்றன, குறைக்கின்றன. இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போவது என்றால் ஓர் இளைஞர் படிப்பை முடிப்பதற்கான காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மிடமும் இதற்கு ஒரு மரபு உண்டு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் 1950-களிலேயே நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தார். அங்கிருந்து அந்த வழக்கம் வேலூர் வந்தது: கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியபோதே உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவதை முறையாக்கியது. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களோடு இன்றுவரை பணியாற்றுகிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நோயை விளக்கி, மருந்தையும் அன்றாடச் செயல்பாட்டையும் தொடர உதவினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் அறிகுறிகளும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. தமிழ்நாட்டில் அந்தப் பலன் மேலும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பணியாளர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, அமர்வில் என்னதான் நடக்கும்? பெரும்பாலோர் எதிர்பார்ப்பதுபோல எடுத்த எடுப்பில் விரிவுரை இருக்காது. நோய் எதனால் வந்தது என்று குடும்பத்தார் ஒவ்வொருவரும் நினைப்பதை முதலில் கேட்போம். ஒரே வீட்டில் நான்கு விடைகள் வரும்: செய்வினை, காதல் தோல்வி, ராத்திரி முழுக்கக் கைபேசி, அப்பாவின் அடி. இவற்றில் எதையும் கேலி செய்யாத ஒருவரிடம்தான் அந்தக் குடும்பம் அடுத்த வாரம் திரும்பி வரும். குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ அழைத்துப்போனோம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த நாட்களில் மாத்திரை நின்றதா? நிற்கவில்லையென்றால் வழிபாட்டோடு மருத்துவத்துக்கு எந்தச் சண்டையும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதற்குப் பிறகு, தர்கா வளாகத்திலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கும்படி அரசே ஏற்பாடு செய்தது. அறிவுரை சொல்லி வழிபாட்டைத் தடுப்பதைவிட அது விவேகமான வழி.

அதன்பின் காரணங்களுக்கு வருவோம். மனச்சிதைவு நோய் மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிறது. நீங்கள் கேள்வியில் எழுதவில்லை. ஆனாலும் அக்கா, அண்ணன், தங்கை என்று இந்த அறைக்குள் வரும் எல்லோரும் 'எனக்கும் வருமா, நாளை என் பிள்ளைக்கு வருமா' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு வராது என்பதே அதற்கான விடை. மரபணு முழுவதும் ஒன்றாக உள்ள ஒற்றைக் கரு இரட்டையர்களில்கூட ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதி அளவுதான் என்பதால், பரம்பரை என்பது விதி ஆகாது. கஞ்சா இந்த வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்ததா என்பதை அப்பா இல்லாதபோது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்தைப் பற்றிய பேச்சு பொதுவாக நீளும், நீள வேண்டும். 'சர்க்கரை நோய்போல இதுவும் ஒரு நோய்' என்று சொல்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். மாத்திரையை ஏன் தொடர வேண்டும் என்பதற்கு அந்த ஒப்புமை உதவும். மற்றபடி தவறான எதிர்பார்ப்பைத் தரும், ஏனெனில் இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, அத்தோடு எல்லோரும் வாழ்நாள் முழுதும் மருந்து எடுக்க வேண்டும் என்றும் இல்லை. முதல்முறை நோய் வந்தவர்களுக்குக் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்துவிட்டு, அதன்பின் மருத்துவரின் கண்காணிப்பில் மெல்லக் குறைத்துப் பார்ப்பது பற்றிப் பேசலாம். குரல் நின்றுவிட்டதே என்று நாமாக நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் நோய் திரும்பும், அதனால்தான் நிறுத்தியதற்கும் திரும்பியதற்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. ஓலான்சபின் எடை கூட்டும், ரத்தச் சர்க்கரையைக் கூட்டும். எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேறு சில மருந்துகளில் கை நடுங்கும், அல்லது ஓரிடத்தில் உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கத் தோன்றும். இந்தத் தவிப்பை நோய் முற்றிவிட்டதாக எண்ணி மருந்தைக் கூட்டக் கேட்கும் குடும்பங்கள் உண்டு; உண்மையில் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாத்திரையை நுணுக்கிச் சட்னியிலோ காபியிலோ கலந்து கொடுப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகமே நோயின் அறிகுறியாக உள்ள ஒருவர், ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டால் அவர் சந்தேகப்பட்டது மெய்யாகிவிடுகிறது. அதன்பின் மருந்தும் போகும், வீட்டுச் சாப்பாடும் போகும். மறுப்பு கடுமையாக இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி மருந்துகள் இருக்கின்றன.

அமர்வுகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது முன்னறிகுறித் தாள். நோய் வெளிப்படுவதற்கு முந்தைய நான்கைந்து வாரங்களில் என்னென்ன மாறின என்று நோயாளியும் குடும்பமும் உட்கார்ந்து எழுதுவார்கள். பாடநூலில் தூக்கமின்மை, எரிச்சல், தனிமை என்று பொதுவாக இருக்கும். வீட்டுத் தாளில் அப்படி இருக்காது. ஒரு வீட்டில் மகன் படுக்கும்முன் செட்-டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவைக்கத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. வேறொரு வீட்டில், அம்மா சமைத்ததைத் தொடாமல் கடையிலிருந்து பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்து சாப்பிட்டதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. தாளில் எழுதும்போதுதான், 'அதற்கு மூன்று வாரம் கழித்துத்தானே கத்த ஆரம்பித்தான்' என்று அம்மாவுக்கு நினைவு வந்தது. அந்தத் தாளில் அறிகுறிகளின் கீழே, இவற்றில் இரண்டு சேர்ந்து மூன்று நாள் நீடித்தால் யார் யாரை அழைக்க வேண்டும், மருத்துவர் எந்தக் கிழமைகளில் இருப்பார், தான் மறுத்தாலும் தன்னிடம் யார் பேசலாம் என்பதை உங்கள் தம்பியே நல்ல நிலையில் இருக்கும்போது எழுதி வைக்கட்டும். அதை பீரோ கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் வேண்டாம்.

பேசும் முறையைக் கற்றுக்கொள்வது கடைசியில் வரும், நடைமுறையில் அதுவே கடினம். "அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்று தம்பி சொன்னால், "அதெல்லாம் உன் கற்பனை" என்று வாதாடுவதும் பயன் தராது, "ஆமாம், நான் போய் கேட்கிறேன்" என்று ஒத்துப்போவதும் தீங்கு. "எனக்கு அப்படிக் கேட்கவில்லை, ஆனால் உனக்கு அது எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது, கொஞ்ச நேரம் கூட உட்காரட்டுமா?" என்பதுபோன்ற ஒரு வாக்கியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அமர்வில் இதை உண்மையாகவே நடித்துப் பார்க்கச் சொல்வோம். அப்பாக்கள் முதலில் கூச்சப்படுவார்கள். ஒருமுறை மகனுடைய இடத்தில் உட்கார்ந்து, "எழுந்து தொலையேன்டா" என்ற தங்கள் வாக்கியத்தையே வேறொருவர் வாயால் கேட்டபின் அவர்களின் குரல் தானாகவே தாழ்கிறது. அம்மாவுக்குத் தரும் பயிற்சி வேறு: இந்த வாரம் ஊட்டுவதை நிறுத்தித் தட்டில் போட்டுக் கொடுப்பது, அடுத்த வாரம் தட்டை அவரே கழுவ விடுவது, வாரத்தில் இரண்டு மாலை வீட்டைவிட்டு வெளியே போய்வருவது. கோயிலுக்குப் போகலாம், தங்கை வீட்டுக்குப் போகலாம். முன்பு சொன்ன 35 மணி நேரத்தைக் குறைப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒன்பது மாதமாக வீட்டைவிட்டு நகராத ஒரு தாய்க்கு அதைச் செய்ய 'மருத்துவமனையில் சொன்னார்கள்' என்ற அனுமதி தேவைப்படுகிறது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் குடும்பத்துக்கானது. உங்கள் தம்பிக்கும் தனி அமர்வுகள் உண்டு, அவற்றில் 'எனக்கு மனநோய்' என்று அவரை ஒப்புக்கொள்ளவைப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்பவரிடம், நன்றாகத் தூங்க வேண்டும், மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்ற இலக்கில் உடன்பட முடியும். அங்கிருந்து தொடங்கினால் போதும். அவரைப் பற்றிய தகவல்களை உங்களிடம் எந்த அளவுக்குப் பகிரலாம் என்று அவரையே கேட்பதும் முறை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை அவரே நியமித்துக்கொள்ளவும் அது வழி செய்கிறது.

பேசுவதால் குணமாகுமா என்று நீங்கள் கேட்ட பேச்சுவழிச் சிகிச்சைக்கு, அதாவது தெரபிக்கு, இப்போது வருகிறேன். மனச்சிதைவு நோய்க்கென்று வடிவமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, குரலை இல்லாமல் ஆக்க முயல்வதைவிட அந்தக் குரலுக்கு அவர் தரும் அர்த்தத்தை ஆராய்கிறது. குரல் சொல்வதைக் கேட்காவிட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று நம்புபவரோடு சேர்ந்து, கேட்காத நாளில் என்ன ஆனது என்று பார்த்துப் பதிவு செய்வது அதில் ஒரு வழி. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இதற்குக் குறைந்தது 16 அமர்வுகளும், குடும்பச் சிகிச்சைக்கு மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 10 அமர்வுகளும் பரிந்துரைக்கிறது. சிபிடியின் பலன் சராசரியாகச் சிறியது. மருந்துக்குப் பிறகும் எஞ்சியிருக்கும் குரல்களும் சந்தேகங்களும் உள்ளவர்களுக்கு அது முயன்று பார்க்கத் தக்கது. உங்கள் தம்பிக்குக் குரல் அடங்கிவிட்ட நிலையில், என் கணிப்பில் அவருக்கு அவசரமாக வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, நாளின் மணி நேரங்களைச் சிறுசிறு வேலைகளால் நிரப்பும் செயலூக்கப் பயிற்சி. மனச்சோர்வு இருந்தால் அதற்கும் இது நல்ல சிகிச்சை. மற்றொன்று வேலை. முழுவதும் தேறிய பிறகு வேலை தேடலாம் என்று காத்திருப்பதைவிட, பகுதி நேர வேலை ஒன்றில் சேர்ந்து அங்கே துணை கிடைப்பது நல்ல பலன் தருவதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. சித்தப்பாவின் கடையில் கணக்கெழுதும் இரண்டு மணி நேரம் ஆயினும் சரி.

சிறுவயது நினைவுகளைத் தோண்டியெடுக்கும் ஆழ்மனச் சிகிச்சையோ ஹிப்னாடிஸமோ இந்தக் கட்டத்தில் வேண்டாம். 'மாத்திரையை நிறுத்துங்கள், பத்தே அமர்வில் சரிசெய்கிறேன்' என்பவரிடமிருந்து அன்றே விலகிவிடுங்கள். கவுன்சலர் என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை இங்கே நீடிப்பதால், மருத்துவ உளவியலாளர் என்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

மற்ற நோய்களில் இந்தக் கலவை மாறும். லேசான மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்களுக்கும் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே பல நேரங்களில் போதும். மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறில், பார்சிலோனாவில் கொலோம், வியேட்டா ஆகியோர் 120 நோயாளிகளிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு 21 குழு அமர்வுகளில் உளவியல் கல்வி பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது கணிசமாகக் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவும் அதே எண்ணிக்கையில் கூடிப் பேசியது, ஆனால் அங்கே கல்வி இல்லை. ஆகவே கூடி உட்கார்ந்து ஆறுதல் அடைவதையும் தாண்டி, கற்றுக்கொண்டதற்கே ஒரு பலன் இருக்கிறது.

அப்பாவை அழைத்துவர ஒரு யோசனை. பல குடும்பங்கள் சேர்ந்து அமரும் குழு அமர்வு உங்கள் மருத்துவமனையில் நடக்கிறதா என்று கேளுங்கள். சமூகப் பணியாளர் நூறு முறை சொல்லி ஏற்காததை, அதே நிலையிலிருக்கும் இன்னொரு தகப்பனார் டீ குடிக்கும் நேரத்தில் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். வாராவாரம் விடுப்பு எடுக்க முடியாதென்றால் மாதம் இருமுறை கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஊர் தூரமென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருக்கும். முதல் அமர்வுக்கு மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள், தம்பி எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறார் என்று ஒரு வாரம் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள்.

அமர்வுக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தொடர்ந்து இரண்டு இரவு தூங்காமல் இருப்பது, சாப்பாட்டை முற்றிலும் மறுப்பது, குரல் தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்வது, வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லுங்கள். "சாக வேண்டும்போல் இருக்கிறதா?", "குரல் ஏதாவது செய்யச் சொல்கிறதா?" என்று நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நோய் தணிந்து உண்மை புரியத் தொடங்கும் இந்த மாதங்களில்தான் அந்த ஆபத்து அதிகம் என்பதால் மாத்திரை அட்டைகளை இப்போதைக்கு உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்வது நல்லது. இரவு நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.